நெட்வொர்க் இன்ஸ்டால் சர்வரில் டிஎச்சிபி தகராறு: பிழையைப் படிப்படியாகப் பிடிக்கும் வழி

இருபது எந்திரங்களில் லினக்ஸ் ஏற்ற வேண்டும். பென்டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார முடியாது என்றுதான் இன்ஸ்டால் சர்வர் கட்டுகிறோம். எல்லாம் தயார் என்று நினைத்து முதல் எந்திரத்தை நெட்வொர்க் பூட்டில் (பிஎக்ஸ்இ) போட்டால், கறுப்புத் திரையில் புள்ளிகள் ஓடி, ஒரு நிமிடம் கழித்து ‘பிஎக்ஸ்இ-இ51’ என்று நின்றுவிடும். உடனே கான்ஃபிக் கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றுவோம், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வோம், மறுபடி முயல்வோம். பத்து முறை இப்படிச் செய்தால், முதலில் இருந்த பிழை எது, நாமே சேர்த்த பிழை எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

நெட்வொர்க்கில் சேரும் எந்திரத்துக்கு ஐபி முகவரி கொடுப்பது டிஎச்சிபி. அதன் உரையாடலில் நான்கே செய்திகள்: எந்திரம் ‘டிஸ்கவர்’ அனுப்பும், சர்வர் ‘ஆஃபர்’ தரும், எந்திரம் ‘ரிக்வெஸ்ட்’ கேட்கும், சர்வர் ‘ஆக்’ சொல்லி முடிக்கும். இந்த நான்கில் கடைசியாகத் தெரிந்தது எது என்று கண்டுபிடித்த பிறகே கோப்பில் கை வையுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

உதாரணத்துக்கு டெபியன் சர்வர், அதில் ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற சர்வர் மென்பொருள், இன்ஸ்டாலுக்கென்று தனியாக 192.168.50.0 நெட்வொர்க், சர்வரின் முகவரி 192.168.50.2 என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: சர்வரில் எத்தனை நெட்வொர்க் கார்டுகள், ஒவ்வொன்றின் பெயர், ஐபி, அது ஸ்விட்சில் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது, டிஎச்சிபி கொடுக்கப்போகும் முகவரி வரம்பு, கையால் ஐபி போட்ட பிரிண்டர், கேமரா போன்றவற்றின் பட்டியல், சோதிக்கும் எந்திரத்தின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). மேக் முகவரி பிஎக்ஸ்இ திரையிலேயே தெரியும், போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். லாகில் நம் எந்திரத்தைத் தேடிப் பிடிக்க அதுதான் சாவி.

அலுவலகம் அல்லது கல்லூரி நெட்வொர்க்காக இருந்தால், அதன் நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது நெட்வொர்க்கில் இரண்டாவது டிஎச்சிபி சர்வரை ஏற்றினால் மற்றவர்களின் எந்திரங்களும் உங்கள் சர்வரிடம் ஐபி வாங்கிக்கொண்டு இணையம் இல்லாமல் நிற்கும்.

மென்பொருள் எதற்கும் காசு இல்லை. ஆனால் ஒரு சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்சையும் நல்ல கேபிள்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேனேஜ்டு (அமைப்பு மாற்றக்கூடிய) ஸ்விட்ச் வேண்டாம். கீழே 5, 6 ஆகிய படிகளில் பாதிக் குழப்பத்தை இதுவே தீர்த்துவிடும். நேரக் கணக்கு: வரிசையாகப் போனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிழை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

2. திரையில் வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்திரத்தை அணைப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுகிறது.

இ61: கேபிள் இணைப்பே இல்லை. சர்வர் பக்கம் போகவே வேண்டாம்.
இ51: டிஎச்சிபி ஆஃபர் எதுவும் வந்து சேரவில்லை. யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை பூட் முறை உள்ள எந்திரங்களில் இதே நிலைமை இ16 என்று வரும்.
இ53: ஐபி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை.
இ32: கோப்பின் பெயர் தெரிந்தது, பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை.
டி01: டிஎஃப்டிபி பதில் சொன்னது, ஆனால் அந்தக் கோப்பு அங்கே இல்லை.

இ53, இ32, டி01 இவற்றில் ஒன்று வந்தால் நேராக 8ஆம் படிக்குப் போங்கள். ஐபி கொடுக்கும் வேலை நடந்துவிட்டது.

3. சர்வீஸ் உண்மையில் ஓடுகிறதா?

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஐஎஸ்சி-டிஎச்சிபி-சர்வர்’ என்று கேளுங்கள். ரெட்ஹேட், ராக்கி, அல்மா வகைகளில் சர்வீஸின் பெயர் டிஎச்சிபிடி மட்டும். ஓடவில்லை என்றால் ‘டிஎச்சிபிடி -டி’ (டெஸ்ட் என்பதன் டி) என்று கொடுத்தால் கான்ஃபிக் கோப்பை மட்டும் சோதித்து, எந்த வரியில் பிழை என்று எண்ணோடு சொல்லும். காட்டும் வரிக்கு முந்தைய வரியையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கும், அல்லது வளைவு அடைப்பு மூடாமல் இருக்கும்.

இலக்கணம் சரியாக இருந்தும் தொடங்க மறுத்தால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

‘நோ சப்நெட் டிக்ளரேஷன்’ என்ற செய்தியோடு நின்றால், சர்வரின் கார்டில் இருக்கும் ஐபிக்குப் பொருந்தும் சப்நெட் (முகவரிப் பகுதி) கான்ஃபிக் கோப்பில் இல்லை என்று பொருள். அந்தச் செய்தியிலேயே ‘நோ ஐபிவி4 அட்ரசஸ்’ என்றும் வந்தால் கார்டுக்கே ஐபி இல்லை. டிஎச்சிபி சர்வருக்கு முதலில் நிலையான ஐபி வேண்டும். கையால் ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, சர்வரை ரீபூட் செய்தால் மட்டும் விழுகிறது என்றால், கார்டுக்கு ஐபி வருவதற்குள் சர்வீஸ் கிளம்பிவிடுகிறது. சிஸ்டம்டியில் ஒரு ஓவர்ரைடு எழுதி, நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குப் பிறகு தொடங்கும்படி செய்யுங்கள்.

எந்தக் கார்டில் கேட்க வேண்டும் என்று சொல்லாமல் விடுவது அடுத்தது. டெபியன், உபுண்டுவில் ‘ஈடிசி/டிஃபால்ட்’ அடைவில் சர்வீஸின் பெயரிலேயே ஒரு கோப்பு உண்டு. அதில் ஐபிவி4 இன்டர்ஃபேஸ் வரியில் மேற்கோளுக்குள் கார்டின் பெயரைப் போடுங்கள். மதர்போர்டு மாற்றினாலோ புதிய கார்டு செருகினாலோ பெயர் மாறிவிடும், பழைய பெயர் கோப்பில் அப்படியே இருக்கும். ‘ஐபி அட்ரஸ்’ கட்டளை காட்டும் பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றால் 67ஆம் போர்ட்டை வேறொன்று பிடித்திருக்கிறது. ‘எஸ்எஸ் -யுஎல்என்பி’ கொடுத்தால் யார் என்று தெரியும். அதே சர்வரில் விர்ச்சுவல் எந்திரங்கள் ஓட்டினால், லிப்விர்ட் தன் உள் நெட்வொர்க்குக்காக ஓட்டும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎச்சிபி சர்வர் அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த டிஃபால்ட் நெட்வொர்க் தேவையில்லை என்றால் நிறுத்திவிட்டு, ஆட்டோஸ்டார்ட்டையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக லீஸ் கோப்பு, அதாவது எந்த ஐபி யாருக்குப் போனது என்ற பதிவு. டிஎச்சிபிடி.லீசஸ் என்ற கோப்பு காலியாகவாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வீஸ் எழாது. கோப்பின் இடத்தை மாற்றியிருந்தால், உபுண்டுவில் ஆப்ஆர்மர், ரெட்ஹேட்டில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல்கள் தடுக்கும். பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் ‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் அவற்றைச் சந்தேகப்படுங்கள்.

4. பாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள்

சர்வரில் இரண்டு டெர்மினல்களைத் திறங்கள். ஒன்றில் ‘ஜர்னல்சிடிஎல் -யு’ போட்டு சர்வீஸ் பெயரும் ‘-எஃப்’ என்பதும் சேர்த்தால் லாக் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்றில் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப். ‘-ஐ’ போட்டு இன்ஸ்டால் நெட்வொர்க்கின் கார்டு, பெயர் தேடல் வேண்டாம் என்பதற்கு ‘-என்’, மேக் முகவரிகளைக் காட்ட ‘-இ’, உள்ளே இருக்கும் ஆப்ஷன்களைப் பிரித்துக் காட்ட ‘-விவி’, கடைசியில் ‘போர்ட் 67 ஆர் போர்ட் 68’. இப்போது எந்திரத்தை பிஎக்ஸ்இயில் கிளப்புங்கள்.

டிசிபிடம்ப்பிலும் ஒன்றும் இல்லை என்றால் பாக்கெட் சர்வரையே எட்டவில்லை. 5ஆம் படி.

டிசிபிடம்ப்பில் டிஸ்கவர் தெரிகிறது, லாகில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், சர்வீஸ் வேறு கார்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஃபயர்வாலைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பே எடுத்துவிடும். ஐஎஸ்சி டிஎச்சிபியும் ரா சாக்கெட் வழியாக அப்படித்தான் படிக்கிறது, அதனால் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதி வழக்கமாக அதைத் தடுக்காது. டிஎன்எஸ்மாஸ்க் மட்டும் சாதாரண யுடிபி சாக்கெட்டில் கேட்கும், அதை வைத்திருப்பவர்கள் 67ஐக் கட்டாயம் திறக்க வேண்டும். ‘ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை’ என்று ஐஎஸ்சிக்காரர்கள் குழம்புவது இதனால்தான். ஃபயர்வாலை அணைத்து வைப்பதால் இங்கே பலன் இல்லை, மறந்து அப்படியே விட்டுவிடும் ஆபத்துதான் மிச்சம்.

லாகில் டிஸ்கவர் வரியின் கடைசியில் ‘அன்நோன் நெட்வொர்க் செக்மென்ட்’ என்று இருந்தால், கோரிக்கை ஒரு ரிலே வழியாக, அதாவது வேறு நெட்வொர்க்கிலிருந்து அதைக் கடத்திவிடும் கருவி வழியாக வந்திருக்கிறது. ‘வயா’ என்ற சொல்லுக்குப் பின்னால் ரிலேயின் ஐபி இருக்கும். அந்த ஐபி அடங்கும் சப்நெட்டைக் கோப்பில் சேர்த்தால் தீர்ந்தது.

5. டிஸ்கவர் வரவே இல்லை

சாதாரண ஸ்விட்சை எடுங்கள். சர்வரையும் சோதிக்கும் எந்திரத்தையும் மட்டும் அதில் செருகி மறுபடி முயலுங்கள். இப்போது வேலை செய்தால் உங்கள் சர்வரில் குறையில்லை, பெரிய ஸ்விட்சின் அமைப்பில்தான் இருக்கிறது. அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஸ்விட்சுகளுக்குள் பாக்கெட் வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முதலாவது. கேபிளில் இணைப்பு வந்தவுடன் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை 15 நொடி கேட்கும் நிலையிலும் 15 நொடி கற்கும் நிலையிலும் வைத்திருந்து, ஆக 30 நொடி கழித்துத்தான் பாக்கெட்டைக் கடத்தும். பிஎக்ஸ்இ 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நான்கு முறை கேட்கும். சில எந்திரங்கள் தப்பித்துவிடும், சில தோற்றுவிடும். அதே எந்திரம் ஒரு முறை வரும், மறுமுறை வராது. இப்படி விட்டுவிட்டு வரும் பிழை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்கட்டும். எந்திரங்கள் செருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் வசதியை இயக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஎல்ஏஎன், ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி. பிஎக்ஸ்இ ஃபர்ம்வேர் பொதுவாக டேக் இல்லாமல்தான் பேசும். போர்ட் டிரங்காக (பல விஎல்ஏஎன்களைச் சுமப்பதாக) இருந்தால் இன்ஸ்டால் விஎல்ஏஎன் அதில் டேக் இல்லாததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கேபிள்களைச் சேர்த்துக் கட்டிய எல்ஏசிபி போர்ட்டுகள். ஃபர்ம்வேருக்கு எல்ஏசிபி தெரியாது, அதனால் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைத் திறக்காது. ஸ்விட்சில் எல்ஏசிபி ஃபால்பேக் வசதி இருந்தால் இயக்குங்கள், இல்லாவிட்டால் இன்ஸ்டால் முடியும்வரை கட்டைப் பிரித்து வையுங்கள்.

6. ஆஃபர் போகிறது, ரிக்வெஸ்ட் வரவில்லை

லாகில் டிஸ்கவர், ஆஃபர், மறுபடி டிஸ்கவர், ஆஃபர் என்று ஜோடி ஜோடியாக வந்துகொண்டிருக்கும். சர்வர் பேசுகிறது, எந்திரத்தின் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் அது வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

காதில் விழாததற்கு முக்கியக் காரணம் ஸ்விட்சில் உள்ள டிஎச்சிபி ஸ்னூப்பிங். நம்பிக்கை பெற்ற போர்ட்டிலிருந்து வராத ஆஃபரை ஸ்விட்ச் விழுங்கிவிடும். சர்வர் செருகிய போர்ட்டை ‘டிரஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள். ஸ்விட்சுகள் சங்கிலியாக இருந்தால், சர்வர் இருக்கும் திசையை நோக்கிய அப்லிங்க் போர்ட்டுகளுக்கும் அதே டிரஸ்ட் வேண்டும். பலர் விடுவது இந்த அப்லிங்க்கைத்தான்.

வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது என்றால் நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது: இணைய ரவுட்டர், யாரோ செருகிய வைஃபை பெட்டி, பிரிட்ஜ் செய்த விர்ச்சுவல் எந்திரம். இதை லாகிலேயே பிடிக்கலாம். ரிக்வெஸ்ட் வரி ஒன்றை நிதானமாகப் படியுங்கள்:

டிஎச்சிபிரிக்வெஸ்ட் ஃபார் 192.168.1.57 (192.168.1.1) ஃப்ரம் 52:54:00:12:34:56

முதல் முகவரி எந்திரம் கேட்கும் ஐபி. அடைப்புக்குறிக்குள் இருப்பது அது தேர்ந்தெடுத்த சர்வர். அங்கே உங்கள் 192.168.50.2 இல்லாமல் 192.168.1.1 இருந்தால், எந்திரம் ரவுட்டரோடு போய்விட்டது. ரிக்வெஸ்டே தெரியவில்லை என்றால், இன்னொரு லினக்ஸ் லேப்டாப்பில் என்மேப்பின் ‘பிராட்காஸ்ட்-டிஎச்சிபி-டிஸ்கவர்’ ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டுங்கள். எந்தெந்த சர்வர் ஆஃபர் தருகிறது என்று காட்டும்.

ரவுட்டரின் டிஎச்சிபியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாத இடத்தில் இன்ஸ்டால் நெட்வொர்க்கைத் தனி விஎல்ஏஎன் ஆக்குவதே நிரந்தர வழி. அதுவும் முடியாது என்றால் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி டிஎச்சிபியாக ஓட்டலாம்: ஐபியை ரவுட்டர் கொடுக்கும், பூட் விவரத்தை மட்டும் இது கொடுக்கும். அதற்கு 67ஓடு 4011ஆம் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

இன்ஸ்டால் நெட்வொர்க்குக்கு நீங்கள்தான் பொறுப்பு என்றால் ‘அதாரிடேடிவ்’ என்ற வரியைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், வேறு நெட்வொர்க்கின் பழைய ஐபியைக் கேட்டு வரும் எந்திரத்துக்கு சர்வர் ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. எந்திரம் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும்.

7. ‘நோ ஃப்ரீ லீசஸ்’

காலையில் நன்றாக ஓடி, மதியம் பத்தாவது எந்திரத்தில் நிற்கும் பிழை இது. முப்பது முகவரிகள் ஒதுக்கினோம், எந்திரம் பன்னிரண்டுதான், எப்படித் தீரும் என்று தோன்றும்.

ஒரே எந்திரம் ஒரே இன்ஸ்டாலில் மூன்று முறை ஐபி கேட்கிறது. முதலில் பிஎக்ஸ்இ ஃபர்ம்வேர், பிறகு இன்ஸ்டாலர், கடைசியில் புதிதாக ஏறிய லினக்ஸ். மேக் முகவரி மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் அவை அனுப்பும் கிளையன்ட் அடையாளம் வேறுவேறு. ஃபர்ம்வேர் ஒன்றை அனுப்பும், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டியூஐடி என்ற வேறொன்றை அனுப்பும். சர்வரின் கண்ணுக்கு இவை மூன்று தனித்தனி ஆட்கள். பன்னிரண்டு எந்திரங்கள் முப்பத்தாறு முகவரிகள்வரை சாப்பிட்டுவிடும்.

லீஸ் கோப்பைத் திறந்து ‘ஹார்ட்வேர் ஈதர்நெட்’ வரிகளைப் பாருங்கள். ஒரே மேக் வெவ்வேறு ஐபிகளின் கீழ் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் காரணம். கான்ஃபிக்கில் ‘இக்னோர்-கிளையன்ட்-யுஐடிஸ் ட்ரூ’ என்று சேர்த்தால் சர்வர் மேக் முகவரியை மட்டும் பார்க்கும். வரம்பையும் தாராளமாக வையுங்கள், எந்திரங்களின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு நல்ல கணக்கு.

அதே கோப்பில் ‘அபாண்டன்டு’ என்று குறித்த முகவரிகளும் இருக்கலாம். ஆஃபர் தருவதற்கு முன் சர்வர் அந்த ஐபிக்கு ஒரு பிங் அனுப்பி, ஒரு நொடி காத்திருக்கும். யாராவது பதில் சொன்னால் அந்த முகவரியை ஒதுக்கி வைத்துவிடும். கையால் ஐபி போட்ட பிரிண்டர் உங்கள் வரம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முதல் படியில் எழுதச் சொன்ன பட்டியல் இதற்காகத்தான். ஹோஸ்ட் பகுதியில் ‘ஃபிக்ஸ்டு-அட்ரஸ்’ கொடுத்த ஐபிகளும் வரம்புக்கு வெளியே இருக்கட்டும். ஐஎஸ்சி அவற்றைத் தானாக விலக்கி வைக்காது.

லீஸ் கோப்பில் நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அது யுடிசி நேரம், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். தேதிக்கு முன்னால் தனியாக நிற்கும் இலக்கம் கிழமை, ஞாயிறு என்றால் 0.

கோப்பைச் சுத்தம் செய்வதானால் முதலில் சர்வீஸை நிறுத்துங்கள், பிறகு திருத்துங்கள், பிறகு தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால் பலனில்லை. சர்வர் நினைவில் வைத்திருப்பதைத்தான் மறுபடி எழுதும்.

லீஸ் காலம் எவ்வளவு? டெபியனோடு வரும் மாதிரிக் கோப்பில் 600 நொடி இருக்கிறது. இன்ஸ்டாலுக்கு இது குறைவு. தொடக்க நிலையில் ஐபி வாங்கும் சில சிறு நிரல்கள் அதைப் புதுப்பிப்பதே இல்லை. பத்து நிமிடத்தில் லீஸ் முடிந்து, பாதி இன்ஸ்டாலில் இருக்கும் எந்திரத்தின் முகவரி காலி என்று கணக்காகிவிடும். 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் வையுங்கள்.

8. ஐபி வந்தது, பூட் ஆகவில்லை

‘நெக்ஸ்ட்-சர்வர்’, ‘ஃபைல்நேம்’ இரண்டு வரிகளும் சரியான சப்நெட்டுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நெக்ஸ்ட்-சர்வரில் டிஎஃப்டிபி சர்வரின் ஐபியைத் தவறாமல் எழுதுங்கள், சர்வர் தானே நிரப்பிக்கொள்ளும் என்று விடாதீர்கள். கோப்பின் பாதை டிஎஃப்டிபி வேர் அடைவிலிருந்து தொடங்குகிறது. முழுப் பாதையை எழுதினால் டி01தான் வரும்.

பழைய பிஐஓஎஸ் எந்திரமும் புதிய யூஇஎஃப்ஐ எந்திரமும் கலந்திருந்தால் ஒரே கோப்பு இரண்டுக்கும் பொருந்தாது. பிஐஓஎஸுக்கு பிஎக்ஸ்இலினக்ஸ்.0, யூஇஎஃப்ஐக்கு ஷிம் அல்லது கிரப். எந்திரம் எந்த வகை என்று ஆப்ஷன் 93இல் அதுவே சொல்கிறது: 0 என்றால் பிஐஓஎஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ, 11 என்றால் 64 பிட் ஆர்ம். சில எந்திரங்கள் 7க்குப் பதில் 9 அனுப்பும், அதனால் இரண்டையும் நிபந்தனையில் சேருங்கள். உங்கள் எந்திரம் அனுப்பும் எண் 4ஆம் படியின் டிசிபிடம்ப்பிலேயே தெரியும்.

பிஎக்ஸ்இலினக்ஸ்.0 இறங்கிய பிறகு எல்டிலினக்ஸ்.சி32 இல்லை என்று நின்றால், சிஸ்லினக்ஸ் (பிஎக்ஸ்இலினக்ஸ் அடங்கிய தொகுப்பு) 5ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பும் பக்கத்திலேயே வேண்டும். அதே பதிப்பிலிருந்தே எடுத்து வையுங்கள்.

இ32 வந்தால் 69ஆம் யுடிபி போர்ட். இங்கே ஃபயர்வால் நிஜமாகவே தடுக்கும். ஃபயர்வால்டி இருந்தால் டிஎஃப்டிபி சர்வீஸை நிரந்தரமாகச் சேர்த்து ரீலோடு செய்யுங்கள். கோப்பு இருந்தும் கிடைக்கவில்லை என்றால், ரெட்ஹேட் வகைகளில் வீட்டு அடைவிலிருந்து ‘எம்வி’ செய்த கோப்புக்குப் பழைய எஸ்இலினக்ஸ் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஎஃப்டிபி அடைவின்மேல் ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்டினால் சரியாகும். அதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து.

ஐபிஎக்ஸ்இ என்ற கூடுதல் வசதியுள்ள பூட் நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு பொறி: அது ஏறியதும் மறுபடி டிஎச்சிபி கேட்கும், சர்வர் மறுபடி அதே ஐபிஎக்ஸ்இ கோப்பைக் கொடுக்கும், சுற்று முடியவே முடியாது. யூசர்-கிளாஸ் ‘ஐபிஎக்ஸ்இ’ (இதில் ஐ மட்டும் சிறிய எழுத்து) என்று வந்தால் ஸ்கிரிப்டின் முகவரியைக் கொடுக்கும்படி நிபந்தனை எழுதுங்கள்.

9. இன்ஸ்டாலர் திறந்தபின் ஐபி கிடைக்காமல் நின்றால்

கர்னல் ஏறும்போது கார்டின் இணைப்பு ஒரு முறை அறுந்து மறுபடி வரும். ஸ்பேனிங் ட்ரீயின் 30 நொடி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். போர்ட்ஃபாஸ்ட் போட முடியாத இடத்தில், டெபியன் இன்ஸ்டாலருக்குக் கர்னல் வரியில் ‘நெட்சிஎஃப்ஜி/டிஎச்சிபி_டைம்அவுட்’ மதிப்பை 60 என்று கொடுங்கள்.

இரண்டு கார்டு உள்ள எந்திரத்தில் இன்ஸ்டாலர் தவறான கார்டில் கேட்கவும் வாய்ப்புண்டு. பிஎக்ஸ்இலினக்ஸ் மெனுவில் ‘ஐபிஅப்பெண்டு 2’ சேர்த்தால், எந்தக் கார்டில் பூட் ஆனதோ அதன் மேக் முகவரி இன்ஸ்டாலருக்குப் போய்ச் சேரும்.

10. புதிதாகக் கட்டுபவர்கள் கியாவில் தொடங்குங்கள்

ஐஎஸ்சி டிஎச்சிபியின் பராமரிப்பை அதைச் செய்த அமைப்பே 2022இல் நிறுத்திவிட்டது. கடைசி வெளியீடு 4.4.3-பி1. ஓடிக்கொண்டிருப்பதை இன்றே பிடுங்க வேண்டியதில்லை, ஆனால் புதிய சர்வரை அதில் கட்டாதீர்கள். மாற்றாக வந்த கியாவில் கோப்பு ஜேசன் வடிவில் இருக்கும், ‘கியா-டிஎச்சிபி4 -டி’ (இதுவும் டெஸ்ட் என்பதன் டி) போட்டுக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் சோதித்துச் சொல்லும். இன்டர்ஃபேஸ் பட்டியல் காலியாக இருந்தால் சர்வீஸ் பச்சையாக ஓடும், எந்தக் கார்டிலும் கேட்காது. 7ஆம் படியின் கிளையன்ட் அடையாளச் சிக்கலுக்கு இங்கே ‘மேட்ச்-கிளையன்ட்-ஐடி’ மதிப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். பழைய சர்வீஸை ‘ஸ்டாப்’ மட்டும் செய்யாமல் ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் இரண்டும் 67ஆம் போர்ட்டுக்காக முட்டிக்கொள்ளும்.